தப்பிய குண்டுகள்

போடியிலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி அவர். வெள்ளைச் சட்டை, மெலிந்த விரல்கள். எந்தச் சரக்கைக் கையில் எடுத்தாலும் முகத்தைச் சுளிப்பார். விலை இறங்க வேண்டுமே, அதற்காக. என் வீட்டுக்காரர் குறிபார்த்துச் சுட்டுப் பழக வைத்திருந்த பழைய பாயிண்ட் டூ டூ பிஸ்டலை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் உண்டு. என் சேலைகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பண்டம் அன்றைக்கே தொலைந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

தோப்புச் சுவரில் சிரட்டையை வைத்து நாலைந்து தடவை சுட்டுப் பார்த்தார். ஒன்றும் படவில்லை.

"இடப்பக்கமா இழுக்குதுண்ணே. பாதி விலைக்குத்தான் தேறும்."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வேணாம் தம்பி, இங்கனயே கிடக்கட்டும்" என்றார்.

அது திரும்பவும் என் சேலைகளுக்கு நடுவேதான் வந்து கிடக்கும். அயலாரிடம் பேசிப் பழக்கமில்லாத நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்: "குண்டெல்லாம் ஒரே செங்கல்லுலதான் விழுந்திருக்கு. இம்புட்டுச் சுத்தமாத் தப்பவிடத் தெரிஞ்சவுகளுக்குச் சிரட்டைய அடிக்கத் தெரியாதாக்கும்?"

வியாபாரி சிரித்துவிட்டார். "மதினி யாவாரத்துக்கு வந்தாகன்னா நாங்க கடையச் சாத்த வேண்டியதுதான்" என்று சொல்லி, வீட்டுக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தார்.

"இப்ப அடிங்க தம்பி, பாப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

வியாபாரி ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, வெகுநேரம் குறிபார்த்துச் சுட்டார். குண்டு அதே செங்கல்லில் போய் விழுந்தது. பிஸ்டலைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

கௌரவத்துக்காகக் கடைசிக் குண்டையும் தப்பவிட்டாரா, பிஸ்டல் நிஜமாகவே இழுத்ததா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.