இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள்

மலையே இல்லாத நாட்டில் மலைப்பனியில் சறுக்கிப் போகிற ஸ்கீப் பலகை விற்பது லேசான தொழில் இல்லை. டென்மார்க்கில் எந்த மேட்டில் ஏறினாலும் கொண்டுபோன தேத்தண்ணி ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் பனிக்காலம் வந்தால் சனம் நோர்வேக்கும் சுவீடனுக்கும் வெளிக்கிட்டுவிடும். அவர்களுடைய காலைப் பார்த்துப் பலகை கொடுப்பதுதான் ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் என் வேலையாக இருந்தது. கடையில் நின்று வேலை செய்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. கால் கடுக்கக் கடுக்கச் சிரித்த முகத்தோடு நிற்பது உங்களுக்கும் தெரிந்த பாடுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அந்தக் கடைக்கு முதலில் கூட்டித் துடைக்கத்தான் போனேன். பலகைச் சோடிகளைப் பிழையில்லாமல் எண்ணி அடுக்குகிறேன் என்று ஸ்கீப் பக்கம் விட்டார்கள். இங்கே எழுதுகிறவை எல்லாம் ஊரில் யுத்தம் முடிந்த வருஷத்து விஷயங்கள். என் தம்பி அன்ரன் அப்போது வன்னிக்குள் இருந்தான். அவன், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். தை மாதத்தோடு அவனுடைய தொலைபேசி அழைப்பு நின்றுபோனது. அந்த ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல்தான் அந்த வருஷம் நான் மற்றவர்களின் காலடியில் குந்தியிருந்தேன்.

கடதாசித் துண்டு

வேலை பழக்கியவர் பிரேபன். கடையின் பின்பக்கத்தில் ஸ்கீக்கு மெழுகு உருக்கித் தேய்க்கிற மனிதர். அதிகம் கதைக்கமாட்டார், அதனால் எனக்கும் அவருக்கும் சரிவந்தது. ஸ்கீயைத் தரையில் வைத்தால் அதன் நடுப்பகுதி ஒரு சின்னப் பாலம் மாதிரி மேலே நிற்கும். ஆள் இரண்டு காலிலும் நிற்கும்போது அந்தப் பாலம் பனியில் படக்கூடாது, அப்போதுதான் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு காலை ஊன்றி உந்தும்போது பாலம் முழுவதும் அமர்ந்து பனியைப் பிடிக்கவேண்டும், அப்போதுதான் முன்னுக்குப் போகலாம். இதைப் பார்க்க ஒரு கடதாசித் துண்டு போதும். ஆளை ஸ்கீயில் ஏற்றிவிட்டு, பாதத்துக்கு நேர்கீழே கடதாசியைச் செருகி இழுக்கவேண்டும். இரண்டு காலில் நின்றால் கடதாசி ஓடவேண்டும். ஒற்றைக் காலில் நின்றால் மாட்டிக்கொள்ள வேண்டும்.

சொல்ல லேசு. ஆனால் அதற்கு முன்பின் தெரியாத ஆம்பிளைகளின் காலடியில் முழங்காலில் இருக்கவேண்டும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று கோயிலில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது வருஷத்தில் ஒருநாள் வேலை. முதல்நாள் நான் தலையை நிமிர்த்தவேயில்லை. பிரேபன் அதைக் கண்டுவிட்டார். கடைக்குப் பொறுப்பாக இருந்த கிர்ஸ்டன் அங்கால் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிச் சொன்னார்: "நீ காலோடு கதைத்தால் போதும், ரெஜினா. முகத்தோடு கதைக்கிற கஷ்டமான வேலைக்கு அவளுக்குத்தான் சம்பளம்."

எண்பது கிலோ

ஸ்கீயை உயரத்தைப் பார்த்து எடுப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உயரத்தைவிட நிறைதான் முக்கியம். மலைக்குப் போகிறவர்களுக்கு முதுகில் சுமக்கிற பையின் நிறையும் சேரும். ஆகவே முதல் கேள்வியே "எத்தனை கிலோ?" என்பதாக இருக்கும். டெனிஷ்காரர் வயதைக் கேட்டால் சொல்வார்கள். விவாகரத்து எப்போது நடந்தது என்று கேட்காமலே சொல்வார்கள். கிலோவைக் கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். அவர் எண்பது என்றார். எண்பதுக்கு உரிய சோடியைக் கொடுத்தேன். இரண்டு காலில் நிற்கும்போதே கடதாசி மாட்டிக்கொண்டது. ஸ்கீயில்தான் பிழை என்று நினைத்து அதே அளவில் வேறு சோடி எடுத்தேன். அதுவும் அப்படியே. கடதாசி கிழிந்து புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று. நான் கத்தரிக்கோலைத் தேடும்போது, வாங்கிலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த மனைவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "எண்பது சரிதான். எங்கள் கல்யாணத்தன்று."

அகலமா ஒடுக்கமா

பௌல் என்பவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டாளிகளோடு நோர்வே மலையில் குடிலுக்குக் குடில் ஸ்கீயில் போகத் திட்டம். விழுவதற்குப் பயந்து, இருப்பதிலேயே அகலமான சோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பிரேபன் அவரிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். பௌல் தன் விரலாலேயே பாதையைத் தடவிப் பார்த்தார். உறைந்த ஏரி, மேட்டுச் சமவெளி, திரும்பவும் ஏரி, கடைசியில் ஒரேயொரு இறக்கம். நாள் முழுக்கச் சமதரையில் போகிறவனுக்கு ஒடுங்கிய, நீளமான ஸ்கீதான் ஓடும். ஓரத்தில் இரும்பு விளிம்பு இருந்தால் கட்டிப்பனியையும் பிடிக்கும். அகலமானது காலில் கல்லைக் கட்டியது மாதிரி இழுக்கும். "அப்போ அந்த ஒரு இறக்கத்தில் என்ன செய்வது?" என்றார் பௌல். "உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு உங்களிடம் போதிய அகலம் இருக்கிறது," என்றார் பிரேபன்.

நான் கீழே கடதாசியோடு இருந்தபோது பொக்கெற்றில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் தொலைபேசி அலுமாரிக்குள் இருக்கவேண்டும் என்பது கடைச் சட்டம். நான் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை, அந்த வருஷம் மட்டும்தான் மீறினேன். எடுத்துப் பார்த்தேன். பால் வாங்கிவரச் சொல்லி என் மகள். என் முகம் வாடியதைப் பௌல் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். வாடிக்கையாளரிடம் சொந்தக் கதை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்றாலும் தம்பி குடும்பம் யுத்தத்துக்குள் இருக்கிறது, அழைப்புக்காகப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். பிந்தி வந்திருக்கிறேன், ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் வராமல் விட்டதில்லை."

அடுத்த வருஷமும் போடலாம்

எங்கள் ஆட்கள் கடைக்கு வருவது குறைவு. வந்தால் சப்பாத்து வாங்குகிற கணக்கோடு வருவார்கள். புஷ்பம் என்று எங்கள் கோயிலுக்கு வருகிறவர், பள்ளிக்கூடத்தால் நோர்வேக்குப் போகிற மகளைக் கூட்டிவந்தார். நடாஷா மெல்லிய பிள்ளை. அவளுக்கு ஏற்ற, லேசாக வளைகிற, ஒடுங்கிய சோடியை எடுத்து வைத்தேன். கடதாசி சொன்னபடி ஓடியது, சொன்னபடி மாட்டியது. எனக்குத் திருப்தி. புஷ்பத்துக்கு இல்லை.

"என்னக்கா இது, ஈர்க்கு மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் பெரிய ஆக்களின்ரை தாங்கோ, அடுத்த வருஷமும் போடலாம்."

"பெரிய ஆக்களின்ரை இவளுக்கு அமராது, புஷ்பம். ஒவ்வொரு அடிக்கும் பின்னுக்கு வழுக்கும்."

"வளருற பிள்ளையெல்லோ."

"நை, மோ," என்றாள் நடாஷா. அவளுடைய "வேண்டாம் அம்மா" எப்போதும் டெனிஷில்தான் வரும். பிரேபன் பின்பக்கத்தில் நின்றபடியே, பையையும் கொண்டுவந்து பார்க்கட்டும் என்றார். வெளிக்கிடும்போது புஷ்பம் என் கையைப் பிடித்தார். "தம்பியிட்டை இருந்து ஏதும்...?" என்றார். "இன்னும் இல்லை," என்றேன். "நான் ஒவ்வொரு நாளும் சொல்லிச் செபிக்கிறனான்," என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் பையோடு வந்தார்கள். நடாஷா அதை முதுகில் மாட்டிக்கொண்டு அதே ஸ்கீயில் ஏறினாள். கடதாசி அசையவே இல்லை. பையைத் திறந்தேன். பள்ளிக்கூடம் சொன்ன உடுப்புகளுக்குக் கீழே அரிசி, மிளகாய்த்தூள், மீன் ரின், வறுத்த மா, ஒரு பெரிய பை நிறையத் தட்டைவடை. வேறு வழியில்லாமல் முதல்நாள் புஷ்பம் கேட்ட பெரியவர்களின் சோடியை எடுத்து வைத்தேன். கடதாசி அழகாக ஓடியது. புஷ்பம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது. பிரேபன் மட்டும், சாப்பிடச் சாப்பிடப் பை லேசாகும், திரும்பி வரும்போது பிள்ளை பின்னுக்கு வழுக்கும் என்று கவலைப்பட்டார். பாதிச் சாமானைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தேன். புஷ்பம் பையின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "இவளுக்கு மட்டும் எண்டே நினைச்சியள்? அங்கை வாற எல்லாப் பிள்ளையளுக்கும் சேர்த்துத்தான் கட்டினனான்."

கீழ்த்தளத்தில் ஈரம்

ஈஸ்டர் முடிந்தால் ஸ்கீக்காரர் பருவமும் முடிந்துவிடும். மிஞ்சிய சோடிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, பழைய மெழுகைச் சுரண்டி, புது மெழுகு பூசி, நடுவில் இருக்கிற பாலம் தட்டையாகாமல் இரண்டு நுனியிலும் மட்டும் தளர்வாகக் கட்டிவைக்க வேண்டும். நாற்பத்திரண்டு சோடி. நான் விரும்பிச் செய்கிற வேலை, ஆட்களோடு கதைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தடித்த சுவர்களுக்குள் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. தண்ணீர் குடிக்க, துணி எடுக்க, சும்மா என்று படியேறிக்கொண்டே இருந்தேன். வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. கோயிலில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்கப் பயந்தோம். யாருக்கு யார் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை கீழே இறங்கினால் நான் வேலை செய்கிற மேசையைக் காணவில்லை. கிர்ஸ்டன் அங்கே நின்றாள். நான் தொலைபேசியும் கையுமாக ஏறி இறங்குவதை அவள் பலமுறை கண்டவள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மேலே வரச் சொன்னாள். முன்பக்கக் கண்ணாடி ஓரத்தில், நீச்சல் உடுப்புக்கும் கூடாரங்களுக்கும் நடுவில், என் மேசை. பிரேபன் மூச்சு வாங்க வாங்கக் கடைசிச் சோடிகளைச் சாத்திக்கொண்டிருந்தார். என் பொக்கெற்றைக் காட்டி, தொலைபேசியையும் மேசையில் வைக்கும்படி கிர்ஸ்டன் சைகை செய்தாள். கீழ்த்தளச் சுவர் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடப்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கிர்ஸ்டன் முகத்தை மாற்றாமல் சொன்னாள்: "கீழே ஈரம் அதிகம், ரெஜினா. ஸ்கீக்கு ஆகாது."

இரண்டு காலில்

வெயில் தொடங்கிய பிறகு ஒருநாள் பௌல் வந்தார். நோர்வேயில் அந்த இறக்கத்தில் சொன்னபடியே உட்கார்ந்ததாகச் சொன்னார். அடுத்த முறை சமைக்கிற சாமானைச் சுமப்பது அவருடைய முறையாம். அதனால் பாரமான பையோடு இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றார். அரைக் காற்சட்டையோடு, முதுகில் பையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி ஓரத்தில் ஸ்கீயில் ஏறினார். "இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். நான் சொல்லும்வரை அசையவேண்டாம்," என்றுவிட்டுக் கடதாசியைச் செருகினேன். மேசையில் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"அக்கா, நான் அன்ரன். ஒராளின்ரை போனிலை எடுக்கிறன், கனக்கக் கதைக்கேலாது. வவுனியாவிலை முகாமிலை இருக்கிறம். நாங்கள் நாலு பேரும் இருக்கிறம்."

எண்ணிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. "ஐஞ்சு பேரெல்லோ, தம்பி?"

"மாமி வழியிலை போயிட்டா, அக்கா."

பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னேன். மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "ஓம்" என்று ஒரு குரல். இளையவளைக் கூப்பிட்டேன். இன்னொரு "ஓம்". அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

நான் ஒரு கூடாரத்தின் வாசலில் இருந்து அழுதேன். தம்பிக்கு, பிள்ளைகளுக்கு, அந்த வயதான மனுஷிக்கு என்று பிரிக்கமுடியாத அழுகை. கிர்ஸ்டன் கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் தரையில் இருந்தாள். பிரேபன் மெழுகு உருக்கும் மின்னழுத்தியை நிறுத்திவிட்டு வந்து, எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் பௌலின் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மனிதர் அதே இடத்தில், பையும் ஸ்கீயுமாக நிற்கிறார். வெளியே தெருவில் இரண்டு பேர் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெயில் காலத்தில் இப்படி ஒரு பொம்மையா என்று யோசித்திருப்பார்கள். "ஐயோ, ஏன் இறங்கவில்லை?" என்றேன். பௌல் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்திருந்த அழைப்புத்தான் வந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு குனியாமல், கண்ணால் மட்டும் கீழே காட்டிச் சொன்னார்: "நீங்கள் இன்னும் கடதாசியை இழுக்கவில்லையே."

இத்தனை பேரின் காலைப் பார்த்துப் பலகை கொடுத்த நான் இன்றுவரை ஒருநாளும் ஸ்கீயில் ஏறியதில்லை, ஆனால் அந்த வருஷம் விழாமல் நின்றதற்கு அது மட்டும் காரணம் இல்லை, பக்கத்தில் இந்த ஆட்களும் நின்றார்கள்.