வேம்புலிக்கு ஒரு சுற்று

எங்கள் குடை ராட்டினத்தில் ஏழு குதிரை, இரண்டு அன்னம், ஒரு யானை, இரண்டு கார் இருக்கின்றன. ஒரு குதிரைக்கு வால் கிடையாது. அதில் உட்கார மாட்டேன் என்று பிள்ளைகள் அழுதால், என் வீட்டுக்காரர் அய்யாசாமி குனிந்து, "இது ரேஸ் குதிரை கண்ணு. வால் இருந்தா காத்து தடுக்கும்" என்று ரகசியமாகச் சொல்வார். அப்புறம் மற்ற பிள்ளைகளும் அந்தக் குதிரைக்கே சண்டை போடும்.

எங்களுக்கு வீடு ஐயப்பன்தாங்கலில். ஆனால் வருஷத்தில் பாதி நாள் நாங்கள் அங்கே இருப்பதில்லை. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எங்கே திருவிழா நடக்கிறதோ அங்கே ராட்டினத்தைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். காலையில் எழுந்ததும் அவர் ஈரத்துணியால் குதிரைகளின் முகத்தைத் துடைப்பார். பிறகு ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். நடுக்கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார். அதற்கப்புறம்தான் டீ. சாயங்காலம் ஆனால் அவர் ராட்டினத்தோடு நிற்பார், நான் டிக்கெட் மேசையில் உட்காருவேன்.

ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு சுற்று. ஆரம்பத்தில் எல்லாரையும் போல ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணினார். அது சரிப்படவில்லை. நாலாவது சுற்றில் யாராவது வந்து "டிக்கெட் எவ்ளோ?" என்பார்கள். இவர் "முப்பது" என்பார். அடுத்த சுற்றுக்கு வாய் தானாக "முப்பத்தொண்ணு" என்று போகும். "ஐயய்யோ, முப்பத்தொண்ணா!" என்று பதறிப்போய் சுவிட்சை அணைத்துவிடுவார். ஐந்து சுற்றில் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகளின் அப்பாக்கள் சண்டைக்கு வருவார்கள். இன்னொரு நாள் பத்தாவது சுற்றில் ஒருவர் மணி கேட்டார். "ஆறு" என்றார் இவர். அப்புறம் ஏழு, எட்டு என்று திரும்பவும் கிளம்பிவிட்டார். அன்றைக்கு இறங்கிய பிள்ளைகள் நேராக நடக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றிலிருந்துதான் அம்மன் கணக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு அம்மன். மாங்காடு காமாட்சி, திருவேற்காடு கருமாரி, பெரியபாளையம் பவானி, புட்லூர் பூங்காவனத்தம்மன் என்று பன்னிரண்டு பேர். விலை கேட்டாலும் மணி கேட்டாலும் இந்த வரிசை கலையாது. மனசுக்குள் சொன்னால் திருவிழா ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு உள்ளே புகுந்துவிடுகிறது என்று, சத்தமாகத்தான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அம்மனுக்கும் சந்தோஷம், கணக்கும் தப்பாது. பல வருஷம் இப்படியே நல்லபடியாக ஓடியது.

இந்த ஆடியில் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஊருக்கு முதல் தடவையாகப் போனோம். பத்து நாள் திருவிழா. ஒரு பக்கம் பழைய தெருக்கள், இன்னொரு பக்கம் புது அப்பார்ட்மெண்ட். நல்ல கூட்டம்.

முதல் நாள் சாயங்காலம் மூன்றாவது ஆட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுண்டல் கடை போட்டிருந்த அம்மா விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் வேம்புலியம்மாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. திடீரென்று கரண்டியோடு எழுந்து வந்தார். "நைனா, நிறுத்து வண்டிய" என்றார்.

"பசங்க சுத்திகினு கீறாங்கம்மா. இன்னும் நாலு அம்மன் பாக்கி கீது."

"அத்தத்தான் நானும் கேக்கறேன். மாங்காட்டக் கூப்டற, வேற்காட்டக் கூப்டற. பெரியபாளையம் எங்கியோ கீது, அவளயும் கூப்டற. எங்க மண்ணுல நின்னுகினு எங்க வேம்புலிய மட்டும் கூப்டல. இன்னா, அவ உனுக்கு ஆவாதவளா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த ஊர்க் கோயிலில் இருப்பது வேம்புலியம்மன். இவர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரியாம பண்ட்டேம்மா, மன்னிச்சுக்க."

"என்னிய இன்னாத்துக்குக் கேக்கற? அவளக் கேளு. அவ திருவிழாவுல அவளுக்கே ஒரு ரவுண்டு இல்ல. ஊட்டுக்காரிய பட்டினி போட்டுட்டு ஊருக்கெல்லாம் சோறு போட்ட மாரி கீது!"

கூட்டம் கூடிவிட்டது. விழாக்குழுத் தலைவர் ஜெகதீஷ் வந்தார். எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற தம்பி. யூனிபாரம் சட்டைக்கு மேலேயே மஞ்சள் துண்டு போட்டிருந்தார்.

"அண்ணாத்தே, ஊரே பேசுது. நாளைக்கு சரி பண்ணிடு. இல்லாங்காட்டி கயட்டிக்க. வேற ராட்டினக்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான்."

ஆடியில் ஓர் இடம் போனால் மாதமே போன மாதிரிதான். எல்லாக் கோயிலுக்கும் முன்னாலேயே ஆள் பேசி வைத்திருப்பார்கள். ராட்டினத்தை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் குதிரைகளைப் பார்த்தபடி உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் காலை குதிரைகளைத் துடைக்கும்போது அவர் கேட்டார்.

"ராணி, பன்னெண்டுல ஒண்ண எட்த்துட்டு வேம்புலிய சேக்கணும். யார எடுக்கறது?"

"கோவப்படாத அம்மனா பாத்து எடுங்க" என்றேன்.

"அப்படி ஒண்ணு எங்க கீது?"

ஏழு குதிரையையும் துடைத்து முடிக்கிற வரை யோசித்தோம். காமாட்சி நெருப்பில் ஊசி முனைமேல் நின்று தவம் செய்தவள். அவளை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வருமா? பூங்காவனத்தம்மன் எங்களுக்குப் பெண் குழந்தை கொடுத்தவள். கருமாரியை எடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திருவேற்காடு போவது? அன்னத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவர் முடிவு செய்தார்.

"யாரையும் எடுக்க வாணாம். பதிமூணாக்கிடலாம்."

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. சாயங்காலம் பதிமூன்றாவதாக வேம்புலி பெயரைக் கேட்டு ஊரே கைதட்டியது. அதைக் கேட்டுப் பின்தெருக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு எல்லையம்மன். காலனிக்காரர்கள் நாகாத்தம்மனைச் சொன்னார்கள். பிறகு அப்பார்ட்மெண்டிலிருந்து நிவேதிதா என்ற பெண் தன் மகள் வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, நாங்க திருச்சிப் பக்கம். சமயபுரத்தாளை விட்டுட்டீங்களே!"

இவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் எதிர்வீட்டுக்காரர் விருதுநகர்ப் பக்கமாம். இருக்கன்குடி மாரியம்மனும் வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் எங்கள் ராட்டினம் பதினேழு அம்மனோடு சுற்றியது.

அம்மன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளுக்குத்தான் தாங்கவில்லை. வர்ஷா அன்னத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் தலையிலேயே வாந்தி எடுத்துவிட்டது.

"இவ்வளவு சுத்தாண்ணா? குழந்தைக்குத் தலை சுத்துதுல்ல?" என்று நிவேதிதா வந்து நின்றது.

"நீ சொன்ன அம்மன்தாம்மா பதினாறாவது."

"சமயபுரம் இருக்கட்டும். வேற யாரையாவது எடுங்க."

ஆட்டம் நீண்டதால் வரிசையும் நீண்டு ரோடு வரைக்கும் போய் பஸ்ஸை மறித்தது. டிரைவர் இறங்கி வந்து கத்தினார். வேம்புலியம்மாளும் வந்தார். இந்தத் தடவை கரண்டியோடு தட்டும் இருந்தது.

"எறங்கறதுங்க ஒண்ணும் சுண்டல் பக்கம் திரும்பல. பார்த்தாலே வாயப் பொத்திகினு ஓடுதுங்க. என் யாவாரத்துல மண்ண அள்ளிப் போட்டியே நைனா!"

"நீதானேம்மா ஆரம்பிச்ச?"

"நான் ஒருத்திய சொன்னேன். நீ மாநாடு கூட்டிகினு கீற!"

சுற்றுக்கு இரண்டு பெயராகச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று இவர் கேட்டார்.

"ஆங்! எங்காத்தாவ ஷேர் ஆட்டோல ஏத்துவியா?" என்றார் அந்த அம்மா. அந்த யோசனை அங்கேயே செத்துப்போனது.

ஜெகதீஷ் தம்பி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"பழையபடி ஆட்டத்தச் சின்னதாக்கு. ஒரு பேரையும் எடுக்காத. நாளைக்கு சாயங்காலம் நானே நின்னு கேப்பேன். சரியா இல்லன்னா ராத்திரியே கயட்டிடணும்."

"அது எப்படிப்பா முடியும்?"

"அது உன் தொயிலு."

நாலாம் நாள் காலை அவர் டீ குடிக்கவில்லை. கற்பூரத்தின் முன்னால் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பேரிங்கில் கிரீஸ் வைத்துவிட்டு, காலி ராட்டினத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். எங்கள் மோட்டார் பழசு. சுவிட்சைப் போட்டவுடன் இழுக்காது. முதலில் கையால் மூன்று சுற்று தள்ளி வேகம் கொடுக்க வேண்டும். அந்த மூன்றையும் அவர் கணக்கில் எடுப்பதே இல்லை. மூச்சு வாங்கும்போது பெயர் எங்கே சொல்வது?

மேசையில் பூக் கட்டிக்கொண்டிருந்த நான் தெரியாமல்தான் கேட்டேன்.

"ஏங்க, இப்ப தள்றீங்களே, இது யாரோட சுத்து?"

"இது கணக்குல வராது ராணி."

"சுத்துது இல்ல?"

அவர் கையை எடுத்துவிட்டார். ராட்டினம் தானாகக் கொஞ்சம் போய் நின்றது. என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். மறுபடியும் மூன்று சுற்று தள்ளி, மோட்டாரைப் போட்டு, பன்னிரண்டு அம்மனையும் கூப்பிட்டு, சுவிட்சை அணைத்தார். ராட்டினம் வேகம் குறைந்து சரியாக இரண்டு சுற்று போய் நின்றது. தள்ளுவதில் மூன்று, நிற்பதில் இரண்டு. ஐந்து சுற்று இத்தனை வருஷமாகச் சாமி இல்லாமல் சும்மா சுற்றியிருக்கிறது. அவர் யானையின் காலடியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் டீ கேட்டார்.

சாயங்காலம் ஜெகதீஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேம்புலியம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். நிவேதிதா, வர்ஷாவின் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரும் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்து ஏற்றிவிட்டது. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் குனிந்து இரண்டு கையாலும் தள்ளியபடி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"வேம்புலி!"

"இன்னாய்யா?" என்றார் வேம்புலியம்மாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே, "அவளுக்கோசரம் நான் கேட்டேன்" என்று சமாளித்தார்.

அடுத்த தள்ளலுக்கு எல்லையம்மன், அதற்கடுத்து நாகாத்தம்மன். மோட்டார் எடுத்தது. எங்கள் பழைய பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து போனார்கள். சுவிட்சை அணைத்தார். ராட்டினம் மெதுவாகச் சுற்ற, சமயபுரத்தாளைக் கூப்பிட்டார். இன்னும் மெதுவாகச் சுற்ற, இருக்கன்குடியாள் வந்தாள். அன்னம் அலுங்காமல் நின்றது. வர்ஷா இறங்கி நேராக நடந்துபோய் சுண்டல் கேட்டது.

ஜெகதீஷ் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். பதினேழும் சரியாக இருந்தது. ஆனாலும் தலைவர் இல்லையா, ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

"அண்ணாத்தே, அந்த ரெண்டு அம்மனுக்கு மட்டும் மோட்டார நிறுத்திட்ட. வெளியூருன்னு கரண்ட் குடுக்கலயா?"

நிவேதிதாவின் முகம் மாறியது. அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தள்ளல, மோட்டாரும் ஓடல. ஆனா சுத்துதுப்பா. அப்போ யாரு சுத்தறது?"

நிவேதிதா கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். வேம்புலியம்மாள் மட்டும் விடவில்லை.

"அப்போ எங்காத்தாவால தானா சுத்த முடியாதுன்னு நீ தள்றியா?"

"அம்மா, நம்ம ஊட்டுத் தேரு இது. நம்ம ஊட்டுத் தேர நாமதானே தள்ளணும்?"

அந்த அம்மா ராட்டினத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு மொத ரவுண்டு தள்ளச்சொல்ல என்னியும் கூப்டு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

பத்து நாளும் நின்றோம். பதினோராம் நாள் காலை குதிரைகளை வண்டியில் ஏற்றும்போது ஜெகதீஷ் வந்தார்.

"அண்ணாத்தே, அடுத்த ஆடிக்கும் நீதான். ஆனா பின்னாடி புது லேஅவுட்ல ரெண்டு கோயில் கட்டிகினு கீறாங்க. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் வாலில்லாத குதிரையைத் தோளில் சாய்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"கட்டட்டும்பா. நல்ல கிரீஸா போட்டா, மோட்டார நிறுத்தினப்புறம் இன்னும் ரெண்டு அம்மன் தாங்கும்."