பலக்கே வைக்க வேண்டிய பலகை

மகளுடைய பிளாஸ்டிக் கட்டை நகரத்துக்கு அடிப்பலகை செய்து கொடுத்துவிட்டு, திரும்பத் திரும்பக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். தாங்கும் என்று தெரியும். தெரிந்தும் மனம் கேட்பதில்லை. அவளிடம் எதைச் சொன்னாலும், நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வேன். “ஏம்மா, எனக்கென்ன காது கேக்காதா?” என்கிறாள்.

ஏழாம் வகுப்பில் நானும் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு நகரம் கட்டினேன். ஓசூர் மாமாவின் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன கட்டைகள் ஒரு சாக்கு நிறைய வந்திருந்தன. வீடு மாரண்டஹள்ளியில், பள்ளி பாலக்கோட்டில். என் நகரம் டவுன் பஸ்ஸில் போக வேண்டும். ஒரே பலகையில் கட்டினால் பஸ் படியிலேயே ஏறாது. அதனால் சித்தப்பா பிளைவுட்டைத் துண்டுகளாக அறுத்து, அடியில் ரீப்பர் சட்டம் அடித்து, பக்கவாட்டில் துளை போட்டுக் கொடுத்தார். போல்ட்டைக் கழற்றினால் நான்கு பலகை, முடுக்கினால் ஒரு ஊர். கடைசிப் பலகைக்கு மட்டும் கனமான பிளைவுட் போதவில்லை. பழைய அலமாரியின் முதுகில் இருந்த மெல்லிய பலகையை வைத்துச் சமாளித்திருந்தார். நான் டியூஷனிலிருந்து வருவதற்குள் சித்தி எல்லாவற்றின் மேலும் பச்சைத் தாள் ஒட்டிவிட்டார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர், பேச்சு கன்னடம். சித்தப்பா விரும்பிக் கட்டிக்கொண்டவர். எங்கள் வீட்டில் கோபம் தணிந்திருந்ததே தவிர தீர்ந்திருக்கவில்லை. அவர் கையிலிருந்து ஒரு பாத்திரம் நழுவினாலும் அம்மா அப்பாவைப் பார்ப்பாள்.

மறுநாள் காலை நான் பலகைகளை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது, சித்தி மேலே இருந்ததைத் தட்டிக் காட்டினார். “கண்ணு, இது பலக்கே. மறக்கக் கூடாது, ஆயித்தா?”

பலத்துக்கு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறக்காமலிருக்க அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறியும் போட்டேன்.

பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பலகைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “என்ன பாப்பா, வூட்டையே பேத்து எடுத்துக்கினு போறியா?” என்றார் கண்டக்டர். எனக்குச் சிரிக்க வரவில்லை.

பள்ளியில் குறி போட்ட பலகையைத் தேடி எடுத்து அதன்மேல் நீர்த்தொட்டியை வைத்தேன். என் நகரத்தில் ஆக உயரமானதும் கனமானதும் அதுதான். அதற்கடுத்துத் தக்காளி மண்டி, பஸ் ஸ்டாண்டு, வலது கோடியில் நீலத்தாள் ஏரி. நடுவர்கள் பக்கத்து வகுப்பில் இருந்தார்கள். தொட்டிக்கு அடியில் பச்சைத் தாளில் ஒரு சுருக்கம் விழுந்தது. நீவிவிட்டேன். மறுபடி விழுந்தது. பலமான பலகைதானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். நடுவர்கள் கதவருகே வந்தபோது, பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்வதுபோல, தொட்டி மெதுவாகச் சாய்ந்து மண்டியின்மேல் விழுந்தது. மண்டி பஸ் ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு போனது.

“புயல் அடிச்ச ஊராம்மா?” என்று கேட்டுவிட்டு ஒரு நடுவர் அடுத்த மேசைக்குப் போனார்.

சாயங்காலம் அழுதுகொண்டே வீட்டில் சொன்னேன். “சித்திதான் அது பலம்னு சொன்னாங்க.”

சித்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “இல்லீங்கக்கா, பல அந்த்ரே வலதுங்க. வலது பக்கம். அங்க ஏரிதானே, வெயிட்டு இல்லேன்னு...”

அப்பா வெடித்துச் சிரித்தார். “இருக்கறதுலயே நோஞ்சான் பலகை, அதுக்குப் பேரு பலமா!” அழுகைக்கு நடுவே எனக்கும் சிரிப்பு வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. “இன்னிக்குப் பொம்ம வூடு வுழுந்துச்சு. நாளைக்கு மருந்து பாட்டில மாத்தி எடுத்துக் குடுக்கச் சொன்னா? புள்ளைங்க இருக்கற வூடும்மா இது. அந்தப் பாஷைய உங்கூரோட வச்சுக்க.”

“சரிங்கக்கா” என்றார் சித்தி. சித்தப்பா தரையில் குந்தி, உதிர்ந்த கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சித்தியின் தமிழ் மளமளவென்று தேறிவிட்டது. பொங்கலுக்குள் எங்களைப் போலவே ‘வூடு’ என்றார். எங்கள் சித்தி எவ்வளவு சீக்கிரம் தமிழ் கற்றுக்கொண்டார் பார் என்று தோழிகளிடம் பெருமையடித்தேன். அவருடைய அம்மாவிடமிருந்து போன் வந்தால் மட்டும், செல்லை முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டு, கிணற்றைத் தாண்டித் தக்காளித் தோட்டத்துக் கடைசி வரப்புக்குப் போய்விடுவார். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.