மாப்பிள்ளை வாட்ச்சின் நாலாவது கொம்பு

லிஃப்ட் செய்கிற தொழிற்கூடத்தில் அவளுக்கு ‘ஓரம் அக்கா’ என்று பெயர். லிஃப்டின் சுவருக்கும் கதவுக்கும் போகிற எஃகுத் தகடு எதுவானாலும் சரி, பாலிஷ் முடிந்ததும் அவள் கட்டைவிரலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தகட்டின் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கத் தனி விளக்கும் மேடையும் உண்டு. ஓரத்துக்கு அவள் விரல்தான். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். விரல் தகட்டைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். எங்கேயாவது விரல் நின்றால் பேச்சும் நின்றுவிடும். “இது கை கிழிக்கும்” என்பாள். அதோடு சரி. முதலாளியே வந்து நின்றாலும் அந்தத் தகடு வண்டி ஏறாது.

கல்யாணமான புதிதில் துணி வைத்துத் துடைக்கிற வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தாள். பாலிஷ் சக்கரத்தின் பக்கமே விடவில்லை. “இப்படித் தொளதொளன்னு உடுத்திக்கிட்டு வந்தா சக்கரத்துல சுத்திக்கும்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றார்கள். மறுநாள் புருஷனுடைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து சக்கரத்தின் முன்னால் நின்றாள். புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நல்ல பேண்ட் என்று அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். அன்று முழங்கால் கிழிந்த பேண்ட்டோடு பஸ் ஓட்டினார். என்ன அங்கிள் இது என்று பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம், “நல்லது வேலைக்குப் போயிருக்கு” என்று பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்கு அவள் கை பட்ட தகடுகள் போய்விட்டன. ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடி, எங்கே போனதும் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவளாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குத் தலைமை. அந்தப் பதவி கிடைத்தபோது சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு ஒரு வாட்ச் வாங்கினார். நினைத்த உடனே கிடைக்கிற வாட்ச் இல்லை. கடையில் பெயரைக் கொடுத்துவிட்டு, பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்து வாங்கியது. “வர்றவங்க என் முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி மணிக்கட்டைத்தான் பாக்குறாங்க மாமா” என்று மாமனாருக்கு விளக்கம் சொன்னார். அதைக் கட்டிக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கதவு திறக்க வலது கை, பை தூக்க வலது கை. பாத்திரம் கழுவப் போனால் வாட்ச் கழன்று சட்டைப் பைக்குள் போய்விடும். பஸ்ஸில் கம்பிப் பக்கம் உட்கார மாட்டார்.

“மாப்பிள்ளை, நீங்க வாட்ச்சைக் கட்டியிருக்கீங்களா, இல்ல வாட்ச் உங்களைக் கட்டிப்போட்டிருக்கா?” என்பார் மாமனார்.

“ரெண்டும்தான் மாமா.”

அப்படிப்பட்டவர் ஒரு விடுமுறை நாளில் மாமியார் வீட்டு இரும்புக் கேட்டைத் திறக்கும்போது, நழுவின பழப் பையைப் பிடிக்கப் போய் இடது கையைக் கேட்டின் கொக்கியில் இடித்துக்கொண்டார். பழங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்சில் செயின் மாட்டுகிற இடத்தில் நாலு மூலைக்கும் நாலு கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் ஒன்றில் ஆழமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவருக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை.

“கடைக்குக் குடுத்தா மாசக்கணக்குல வச்சுப்பாங்க” என்று அவர் முனகியபோது மகள்தான் வாயைக் கொடுத்தாள்.

“கடை எதுக்கு? எங்கம்மாகிட்ட குடுங்க. ஆள் உயரத் தகட்டுலயே கீறல் இருந்த இடம் தெரியாம எடுப்பாங்க. இது நகம் அளவு!”

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார், “என்ன, குடுங்க பாக்கலாம்” என்கிற மாதிரி கையைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் எப்படி மறுப்பது? கழற்றி, தூங்குகிற குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

பின்னறையில் அவள் பாலிஷ் போடுகிற சின்னக் கைச்சக்கரம் ஒன்று இருந்தது. வாட்ச்சின் கண்ணாடிக்கு நாடா ஒட்டி மூடிவிட்டு, கொம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மேல்முகத்தில் தலைமுடி போல நேர்க்கோடுகள், பக்கவாட்டில் முகம் தெரிகிற பளபளப்பு. இரண்டும் தினமும் லிஃப்டில் அவள் போடுகிறவைதான். கீறலை எடுத்தாள், கோடுகளைத் திரும்பப் போட்டாள், பக்கத்தைப் பளபளப்பாக்கினாள். கடைசியில் வழக்கம்போலக் கட்டைவிரலை ஓட்டினாள். இரண்டு முகங்களும் சந்திக்கிற இடத்தில் விரல் நின்றது. கூரான ஓரம்! இத்தனை வருஷமாகக் கூரான ஓரத்தைக் கண்டால் அவள் கை என்ன செய்யுமோ அதைத்தான் அன்றும் செய்தது. சக்கரத்தில் ஒரே ஒரு தொடல். ஓரம் வழுவழுவென்று ஆகிவிட்டது. “இப்ப கை கிழிக்காது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துடைத்து எடுத்துப்போனாள்.

“சூப்பர் அத்தை! கீறல் எங்க இருந்துச்சுன்னே தெரியல” என்றார் மாப்பிள்ளை. மகள் தானே செய்த மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். டீ குடிக்கும்போது மட்டும் மாப்பிள்ளையின் கட்டைவிரல் அந்தக் கொம்புக்கே போய்ப் போய் வந்தது. சந்தோஷத்தில் தடவுகிறார் என்று ஓரம் அக்கா நினைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

“அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு. கோவத்தை அப்புறம் பாக்கலாம்.”

“அவர் வாட்ச்சே கட்டுறதில்லம்மா. அலமாரியில வச்சுட்டார். கேட்டா கனமா இருக்குங்கிறார். இத்தனை நாள் கனம் தெரியலையான்னா சிரிக்கிறார். நான்தான் தேவையில்லாம உன்னை மாட்டிவிட்டேனோ?”

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். புருஷன் எட்டிப் பார்த்தார். “என்னாச்சு, முகம் இப்படி இருக்கு?”

“என் வேலை திரும்பி வந்திருச்சுங்க.”

“வாசல்ல லாரி எதுவும் காணோமே?”

“அலமாரிக்குள்ள வந்திருக்கு.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை என்பதால் மேற்கொண்டு கேலி செய்யாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு மகள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை.

“வாட்ச்சக் கொண்டாங்க மாப்பிள்ளை.”

“அதுக்கென்ன அத்தை, நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருந்தா கையில இல்ல இருக்கணும்?”

ஜன்னலோரம் நின்று நாலு கொம்புகளையும் அன்றுதான் சேர்த்துப் பார்த்தாள். மூன்றில், கோட்டு முகமும் பளபளப்பு முகமும் சேர்கிற இடத்தில் மெல்லிய சாய்வு ஒன்று வெட்டியிருந்தது. வாட்ச்சைத் திருப்பினால் அந்தச் சாய்வில் வெளிச்சம் ஒரு இழை போல ஓடியது. அவள் தொட்ட நாலாவதில் இழை இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழிந்து கிடந்தது. யாரோ மெனக்கெட்டுப் போட்ட ஓரம். அதை அவள் பிழை என்று நினைத்துத் தடவி எடுத்துவிட்டாள்.

“என்னைத் திட்டணும்னா வாய்விட்டுத் திட்டிடுங்க” என்றாள்.

“ஐயோ, உங்களையா! ஆசையா செஞ்சு குடுத்தீங்க.” அவர் தலையைச் சொறிந்தார். “கடையில காட்டினேன் அத்தை. மத்த மூணையும் இதே மாதிரி மழுக்கிட்டா வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னாங்க. அதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

“மழுக்குறதா? தப்பு பண்ணினது நான். அந்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு? இது ஒண்ணை நான் நிமித்தித் தரேன்.”

“முடியுமா அத்தை?”

முடியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். “தெரியாது. ஓரத்தை எடுத்துத்தான் பழக்கம், போட்டுப் பழக்கமில்ல. முதல்ல வேற இரும்புல செஞ்சு பாக்குறேன். வரலைன்னா உங்க வாட்ச்சைத் தொடாமலே கொண்டாந்து குடுத்துடுறேன்.”

மகள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாட்ச்சைத் துடைத்து, அதற்கென்று வைத்திருந்த மெத்தென்ற துணியில் சுற்றி, மாமியார் கையில் வைத்தார். போன தடவை கொடுத்ததைவிட இந்தத் தடவை சீக்கிரமாகவே கொடுத்தார்.

தொழிற்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் அதற்கே போனது. சக்கரம் இதற்கு உதவாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. துணிச் சக்கரம் எதைத் தொட்டாலும் மழுக்கத்தான் செய்யும். தட்டையான ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, இரும்பை அதில் படுக்கவைத்து ஒரே திசையில் இழுக்க வேண்டும். சாய்வு ஆடாமல் இருக்க ஒரு மரக்கட்டையைச் சீவி அணை கொடுத்தாள். கழிவுத் தகட்டில் இருந்து கொம்பு மாதிரியே வெட்டி எடுத்த முதல் துண்டு கோணிக்கொண்டது. அடுத்ததில் சாய்வு அகலமாகிப் போனது. அதற்கடுத்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

வெல்டருக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னக்கா, எறும்புக்கு லிஃப்ட் செய்யுறீங்களா?”

“உன் வாய்க்கு ஒரு கதவு செய்யுறேன். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காத.”

அவன் குனிந்து பார்த்தான். பிறகு கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான். “டேய், ஓரம் அக்கா ஓரம் போடுறாங்கடா! மழை வரப்போகுது, வண்டியெல்லாம் உள்ள எடுத்து வையுங்க!”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பவும் இழுத்தாள். மறுவாரம் ஒரு மத்தியானம், துண்டுக் கொம்பில் கட்டைவிரலை ஓட்டியபோது நடுவில் விரல் நின்றது. உள்ளே வெட்டாமல், வழுக்கவும் செய்யாமல், இங்கே ஒரு ஓரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிற ஓரம். விரல் நின்றதற்காக அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை வந்துவிட்டதா, தற்செயலா என்று இன்னும் இரண்டு துண்டுகளில் செய்து பார்த்த பிறகே வாட்ச்சை வெளியே எடுத்தாள். செயினைக் கழற்றினாள். உப்புத்தாளில் மெதுவாக இழுத்தாள், கழுவினாள், பார்த்தாள், இழுத்தாள். வெளிச்ச இழை நூல் பிடித்த மாதிரி திரும்பி வந்தது.

அங்கேதான் அடுத்த சிக்கல். கொம்பு ரொம்ப நன்றாக வந்துவிட்டது. மற்ற மூன்றிலும் சட்டைக் கைமடிப்பும் ஹோட்டல் மேசையும் சேர்ந்து நாள்பட உரசின மெல்லிய கீறல்கள் இருந்தன. இது மட்டும், வேலை முடிந்து வருகிறவர்கள் நடுவில் குளித்து முடித்துப் பவுடர் பூசின விருந்தாளி மாதிரி நின்றது. இப்படியே கொடுத்தால் மணி பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கண் இங்கேதான் போகும். கண் போனால் விரல் போகும். விரல் போனால் வாட்ச் அலமாரிக்குப் போகும்.

ஆக, கீறல் போட வேண்டும். யார்? கீறலை எடுத்தே காலம் கழித்தவள். சொரசொரப்பான சட்டைத்துணி ஒன்றை எடுத்து, தரையில் இருந்த தூசியை ஒரு சிட்டிகை அதில் தடவிக்கொண்டாள். மற்ற கொம்புகளில் கீறல்கள் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, எங்கே நிற்கின்றன என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். துணியைக் கொண்டுபோவாள், திரும்ப எடுத்துவிடுவாள். பக்கத்தில் வைத்த டீ ஏடு படிந்து ஆறிப்போனது. கடைசியில் கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பார்த்தாள். சரியாகத்தான் விழுந்திருந்தது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு போடுவதில் அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாவது போடும்போது கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

அடுத்த விடுமுறைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் வாட்ச்சை மேசைமேல் துணியோடு வைத்தாள். மாப்பிள்ளை கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் முதல் கொம்பில் ஏறி இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. திரும்பவும் முதலில் இருந்து. விரல் எங்கேயும் தயங்கவில்லை. அந்த விரலைவிட்டு அவள் பார்வையை எடுக்கவே இல்லை.

கண்ணைத் திறந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர், “அத்தை, இதுல எது நீங்க செஞ்சது?” என்றார்.

“தெரியலையா?”

“சத்தியமா தெரியல. இத்தனை நாள் தடவினவன், எந்த மூலைன்னு எனக்கே குழம்புது.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அதுல மூணு கீறலும் நானே போட்டிருக்கேன்.”

“கீறலா? நீங்களா?”

“ஏம்மா, கீறல் எடுக்கத்தானே உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?” என்றார் புருஷன்.

“எடுக்கிறவளுக்குத்தாங்க சரியாப் போடவும் தெரியும்.”

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். வாட்ச் விஷயத்தில் அவர் இப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இடது கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். “இனிமே கீறல் விழுந்தா என்ன அத்தை செய்யுறது?”

“விழட்டும். நாள் பூரா மேசையில கை வச்சு வேலை பாக்குற ஆளுக்கு விழத்தான் செய்யும். பெருசா விழுந்தா மட்டும் கொண்டாங்க, பாத்துக்கலாம்.”

“சரி, அந்த மூணு கீறலையாவது காட்டும்மா” என்றாள் மகள்.

“தேடிப் பாருங்க.”

மகள் செல்போன் விளக்கைப் போட்டாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு மணிக்கட்டைச் சுற்றி மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. இதுதான் என்றார் ஒருவர். இல்லவே இல்லை, அதுதான் என்றார் இன்னொருவர். மகள் மூன்றாவதாக ஒன்றைக் காட்டிப் பந்தயம் கட்டினாள். ஓரம் அக்கா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடித்தாள். ஒருவர்கூடச் சரியான கொம்பைத் தொடவில்லை. அவளும் சொல்வதாக இல்லை.