குண்டு மயில்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள இரும்பு வேலைத்தளத்தில் நான்தான் மூத்தவன். ஆனாலும் எங்கள் முருகன் கோயிலின் வாசல் கேற்றுக்கு மயில் வெட்டும் வேலையை முதலாளி கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நசீரிடம் கொடுத்தார். அவன் பிளைவூட் பலகையில் ஓர் அச்சுச் செய்து, அதன் ஓரத்தோடு இரும்பை உருக்கி வெட்டும் பிளாஸ்மா டோர்ச்சை ஓட்டித் தகட்டை வழுவழுப்பாக வெட்டுவான். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் இரகசியமாக நானும் ஒரு மயில் அச்சுச் செய்தேன். அவன் தொழுகைக்குப் போன நேரம் கோயில் தகட்டை எடுத்து வெட்டினேன். மயில் கேற்றுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. முதலாளி கண்டால் வேலை போய்விடும்.

"அண்ணை, மயில் நல்லாச் சாப்பிட்டிட்டுது போல!" என்று வேலைத்தளத்துப் பெடியள் சிரித்தார்கள்.

திரும்பி வந்த நசீர் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கடா, நானும் முதல்ல இப்படித்தான் பழுதாக்கினனான். அண்ணை, டோர்ச் மூக்கு அச்சுக்கு வெளியால ஓடுது, அதாலதான் மயில் பெருத்திட்டுது. மூக்கில பாதி அகலத்துக்கு அச்சைச் சின்னனாக்கணும்," என்றான்.

இருவருமாக அச்சை அராவி, மிச்சத் தகட்டில் திரும்ப வெட்டினோம். மயில் பொருந்தியது. முதலாளி வந்து நசீரின் முதுகில் தட்டினார்.

"இது அண்ணை வெட்டினது," என்றான் அவன்.

நானென்றால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அச்சுச் செய்ய இப்போது எனக்கும் தெரியும். அவனால் அப்படிச் சொல்ல முடிந்ததே என்பதுதான் இன்னும் பொறாமையாக இருக்கிறது.