கண்மாய் மீனுக்கு பில் கேட்டார்கள்

இந்தப் பயணத்துக்கு முழுக் காரணம் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனியில் நல்ல வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு தீவுச் சுற்றுலா போனவர், அங்கே குடும்பத்தை விடுதி அறையில் விட்டுவிட்டு, தான் மட்டும் ஒரு படகை வாடகைக்குப் பிடித்து நான்கு மணி நேரம் கடலில் தூண்டில் போட்டிருக்கிறார். பிடித்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் சிம்மக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். படகு வாடகை 14,000 ரூபாய். அனுமதிக் கட்டணம் 500. தூண்டில் வாடகை 800. பெட்டி, ஐஸ், விமானக் கூலி எல்லாம் சேர்த்து 3,200. எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு காதுகுத்திலும் பக்கத்து இலையில் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒப்பித்திருக்கிறார். மீன் ருசியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

இந்த வைகாசியில் ஒரு கிரகப்பிரவேசம். மறுபடியும் பக்கத்து இலை.

"உங்க ஊர்ல என்ன மாப்ள இருக்கு, கண்மாய் அயிரை. அதை அனுப்பப் பெட்டி எதுக்கு, தபால் கவர் போதும்" என்றார். பந்தியே சிரித்தது. என் மனைவி மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழமை மத்தியானம் உங்க வீட்டுச் சட்டியில நான் புடிச்ச மீன் கொதிக்கும் மச்சான். நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டு வைங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் விடவில்லை. அங்கேயே போனை எடுத்துத் தன் மேனேஜரைக் குடும்பத்தோடு ஞாயிறு விருந்துக்கு அழைத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அறிவிப்பு போட்டார். இத்தனைக்கும் அதுவரை என் கையால் நான் பிடித்த ஒரே ஜீவன் கரப்பான்பூச்சி.

நான் சிம்மக்கல்லில் ஒரு பைப் ஃபிட்டிங்ஸ் மொத்தக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கடை லோடு ஆட்டோ ஓட்டும் பாண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல வேளையாக அந்தச் சனிக்கிழமைதான் அவன் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. கோடையில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும், ஊரே கூடிக் கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கும். வெளியூர்க்காரர்களும் இறங்கலாம். மற்ற நாட்களில் அப்படி இல்லை. கண்மாய் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்.

சனிக்கிழமை காலை 5.10க்கு பைக்கில் கிளம்பினேன். அழகர்கோவில் சாலையில் போய், கோவிலுக்கு முன்பே வலது பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 31 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் மண் ரோடு. 6.05க்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பாண்டி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. போன வருடம் எவரோ எழுதி, கண்மாயில் மீனைவிட ஆள் அதிகமாகிவிட்டதாம்.

கரையில் குறைந்தது ஐந்நூறு பேர் நின்றார்கள். கையில் வலை, கூடை, கொசுவலை, கிழிந்த சேலை. பாண்டி எனக்கு ஓர் ஊத்தா கொண்டுவந்திருந்தான். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அழுத்தி, உள்ளே மாட்டிய மீனை மேல் ஓட்டை வழியே கையைவிட்டு எடுக்க வேண்டும். நான் முறைப்படி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்று ஊர்த்தலைவரைத் தேடிப் போனேன். அவரை எல்லோரும் அம்பலம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"டிக்கெட் எங்கண்ணே எடுக்கணும்?"

அவர் பாண்டியைப் பார்த்தார். பாண்டி வானத்தைப் பார்த்தான்.

"சாமிக்கு விட்ட மீனுக்கு என்னய்யா டிக்கெட்டு? எறங்குங்க, புடிங்க, கொண்டுபோய்க் கொழம்பு வைங்க. ஒண்ணே ஒண்ணு, விக்கக் கூடாது. வித்தா அடுத்த வருசம் கண்மாய் பெருகாது" என்றார் அம்பலம்.

நோட்டுப் புத்தகத்தில் 'அனுமதிக் கட்டணம்: ரூ. 0' என்று எழுதி அடிக்கோடிட்டேன். படகு வாடகை, இல்லை. தூண்டில் வாடகை, இல்லை. மச்சானை அங்கேயே பாதி ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது.

6.40க்கு அம்பலம் வெள்ளைத் துண்டை வீசினார். ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். என் இடது கால் செருப்பு முதல் நிமிடத்திலேயே சேற்றோடு போய்விட்டது. அடுத்த ஒரு மணி நேரம் சேற்றை அழுத்துவதும் சேற்றை எடுப்பதுமாகப் போனது. என்னைத் தவிர எல்லோருக்கும் மீன் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா சேலை முந்தானையில் மூன்று கெண்டையை முடிந்துகொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

7.50க்கு ஊத்தாவுக்குள் ஏதோ துள்ளியது. கையை விட்டேன். வழவழவென்று, நீளமாக.

"பாண்டி, இது பாம்புடா."

"பாம்பு இம்புட்டுத் துள்ளாதுண்ணே, அமுக்குங்க."

அமுக்கினேன். விரால். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கு நினைவில்லை. பாண்டி போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான், கடையில் அடிக்கடி போட்டுக் காட்டுகிறான். படத்தை உடனே குடும்பக் குழுவில் போட்டேன். 'நாளைக் காலை கோயம்புத்தூரில்' என்று கீழே எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேலை உறுதியான நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தெர்மாகோல் பெட்டி (130), ஐஸ் (80), டேப்பும் பாலிதீன் பையும் (40) வாங்கிக்கொண்டு பார்சல் ஆபீஸுக்குப் போனபோது 11.20. மாலை பஸ்ஸில் ஏற்றினால் ஞாயிறு காலை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கூலி 380. கவுண்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்தார்.

"பொருள்?"

"மீன்."

"மதிப்பு?"

"மதிப்பெல்லாம் இல்ல. புடிச்சது."

"மதிப்பு இல்லாத பொருளை எதுக்கு சார் அம்புட்டுத் தூரம் அனுப்புறீங்க?"

நல்ல கேள்வி. பில் இல்லாமல் மீன் ஏற்ற மாட்டோம், திருட்டு மீனாகவும் இருக்கலாம் என்றார். ஒற்றை விராலைத் திருடி, அதற்கு 380 ரூபாய் கட்டி எவன் அனுப்புவான் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது சார். விலை போட்டு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க, அனுப்பிச்சுருவோம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்களிடம் சண்டையும் போட முடியாது.

பாண்டிக்குப் போன் போட்டு, அம்பலத்திடம் கொடுக்கச் சொன்னேன். ஊர் லெட்டர்பேடில், விரால் ஒன்று, விலை ஐந்நூறு என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வெலை எழுதுனா வித்த மாதிரில்ல ஆயிரும். அதெல்லாம் ஆகாது" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "மீனை எதுக்கய்யா அனுப்புறீக, ஆளை வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சரியென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நானே ஒரு சீட்டு எழுதியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என்னிடம் இருப்பது எங்கள் கடைச் சீட்டு. பிவிசி எல்போ விற்கிற கடையில் விரால் எப்படி வந்தது என்று அந்த மனிதர் நிச்சயம் கேட்பார்.

அடுத்து நெல்பேட்டை மீன் கடை. "வாங்காத மீனுக்கு எப்படிண்ணே பில்லு போடுவேன்?" என்றார் கடைக்கார அம்மா. நியாயம்தான். ஒரு விரால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். விரால் இன்றைக்கு வரவில்லை, கட்லாதான் என்றார். மீன் என்றால் மீன்தானே என்று நினைத்தேன். 2.2 கிலோ கட்லா, கிலோ 220 வீதம் 484 ரூபாய். பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். கட்லாவை வண்டி ஹேண்டில்பாரில் மாட்டினேன். விராலும் கட்லாவின் பில்லுமாகப் பார்சல் ஆபீஸுக்குத் திரும்பினேன். மணி 1.10. கோயம்புத்தூர் புக்கிங் 1.30க்கு முடிகிறது.

அவர் பில்லைப் படித்தார். பெட்டியைத் திறந்தார். எடை போட்டார். 1.3 கிலோ.

"நான் ராமநாதபுரம் பக்கம் சார். கட்லாவுக்கும் விராலுக்கும் வித்தியாசம் தெரியாமயா இந்தச் சேர்ல உக்காந்திருக்கேன்?"

இருபது நிமிடம். கோயம்புத்தூரில் மேனேஜர் குடும்பம். வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே பத்தொன்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். வெளியே போனேன், விராலை எடுத்து வண்டியில் மாட்டினேன், கட்லாவைப் பெட்டிக்குள் வைத்தேன். மறுபடி எடை போட்டார். 2.2. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியையும் பில்லையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் வெயிலில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் என் மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

"இது கோயம்புத்தூர் போகலையா?"

சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். விராலைக் குழம்பு வைத்தாள். வாழ்நாளில் நான் பிடித்த முதல் மீன். அதை என் வீட்டிலேயே ஒளிந்து சாப்பிடுவது போலச் சாப்பிட்டேன். அப்படியும் மூன்று தட்டு சோறு இறங்கியது.

ஞாயிறு காலை 8.20க்கு மச்சானின் போன்.

"பெட்டி வந்துருச்சு மாப்ள."

"சந்தோசம் மச்சான்."

"படத்துல கறுப்பா, நீளமா இருந்துச்சு. இங்க வெள்ளையா, அகலமா இருக்கு. பஸ்ஸுல வரும்போது ஊதிருச்சோ?"

"விராலும் வயசானா..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க. பெட்டி மேல ஒரு பில்லு ஒட்டியிருக்கு. நெல்பேட்டை. கட்லா ரெண்டு கிலோ இருநூறு கிராம். நானூத்தி எண்பத்தி நாலு ரூவா. நன்றி, மீண்டும் வருக."

எல்லாவற்றையும் சொன்னேன்: ஊத்தா, அம்பலம், லெட்டர்பேடு, ராமநாதபுரத்துக்காரர். இரண்டு வருடப் பந்திக் கணக்குக்கு இனி இருபது வருடம் வட்டி கட்ட வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

"மாப்ள" என்றார், குரலைத் தாழ்த்தி. "பில்லைக் கிழிச்சுட்டுல்ல அனுப்பணும்."

"என்ன மச்சான்?"

"நான் கிழிச்சுட்டுத்தான அனுப்புனேன்."

பிறகு அவரே சொன்னார். அந்த நான்கு மணி நேரமும் படகின் தரையில் படுத்து வாந்தி எடுத்திருக்கிறார். தூண்டிலைத் தொடவே இல்லை. கரைக்கு வந்ததும், பக்கத்துப் படகுக்காரரிடம் 1,900 ரூபாய்க்கு, கைச்சீட்டோடு வாங்கியதுதான் எங்கள் வீட்டுக்கு விமானத்தில் வந்த மீன். இரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாது. "நீங்களாச்சும் ஒண்ணு புடிச்சீங்களே மாப்ள" என்றார். கேலி இல்லாமல் சொன்னார். அதைக் கேட்டதும் அவர் மேல் இருந்த எரிச்சல் எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. அன்று மதியம் மேனேஜர் குடும்பம் நான் பிடித்த கட்லாவை மிகவும் ரசித்துச் சாப்பிட்டதாகத் தகவல்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதிக் கட்டணம் கிடையாது. பெட்ரோல் 150 ரூபாய். செருப்பை வண்டியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், எனக்கு 350 ரூபாய் நஷ்டம். பிடித்த மீனை அனுப்ப நான் செலவழித்தது, அதற்குப் பதிலாகப் போன கட்லாவின் விலையையும் சேர்த்து, 1,114 ரூபாய். அனுப்பாதீர்கள். அம்பலம் சொன்னதுதான் சரி, ஆளை வரச் சொல்லுங்கள். அடுத்த வைகாசிக்கு மச்சான் வருகிறார். கண்மாயில் அலை அடிக்குமா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போடாதீர்கள், என் தங்கைக்குத் தெரியக் கூடாது என்றார். வாக்கை மீறவில்லை, மேலே எங்கேயும் அவர் பெயர் இல்லை. இந்த வலைப்பூவை விடாமல் படிக்கிற என் மனைவிக்கு அண்ணன் ஒருவர்தான்.