டப்பாவில் வடை இல்லாத சாயங்காலம்

வெறும் டிபன் டப்பாவோடு வரும் அப்பாவைப் பார்க்க ஒரு பிள்ளை கேட் வரை ஓடிவருமா? சில நாளாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவருக்கு உள்ளே மெஷின் வேலை. மத்தியானத்துக்கு மேல் கேண்டீனில் டீயோடு மசால் வடை கொடுப்பார்கள். அவர் டீயை மட்டும் குடித்துவிட்டு, வடையைக் காலியான சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவருவார். இங்கே நிறைய அப்பாக்கள் அப்படித்தான். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் குடியிருப்பின் முன்கேட்டில் பிள்ளைகள் கூடிவிடும். எங்கள் மகளும் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள். தினமும் அதே வடைதான். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறதோ என்பதுபோல் டப்பாவைத் திறப்பாள். பிறகு அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டு, தின்றபடியே வீடு வந்து சேருவாள்.

ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "பிரஷர் பாக்கப் பெரிய பட்டை எடுங்க, சின்னதைக் கட்டினா அதிகமாத்தான் காட்டும்" என்று நர்ஸிடம் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. பட்டை மாறியது. வேறு வேறு நாட்களில் வரச்சொல்லியும் பார்த்தார்கள். அழுத்தம் மட்டும் அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

"இது பெரியவங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?"

"பிள்ளைங்களுக்கும் வருதும்மா. எடை கூடினா இதயம் கூடுதலா உழைக்கணும். உப்பும் சேர்ந்தா இன்னும் கஷ்டம். பயப்படாதீங்க, இப்போ மாத்திரை வேண்டாம். அதுக்காகப் பட்டினியும் போடாதீங்க. வளர்ற பொண்ணு, எடை ஏறாம நின்னாலே உயரம் அதைச் சரிபண்ணிடும். ஊறுகாய், அப்பளம், பொரிச்சது, பாக்கெட்டுல வர்றது, எல்லாத்தையும் குறைங்க. வீட்டுல எல்லாரும் சேர்ந்து குறைங்க. தினமும் ஓடி விளையாடட்டும்."

சாப்பாட்டில் சொன்னதையெல்லாம் செய்தேன். ஊறுகாய் ஜாடியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். உப்புக் குறைந்த ரசத்தைக் கணவர் "நல்லாருக்கே" என்று சொல்லிக் குடித்தார். நான் குடித்துப் பார்த்தேன், நன்றாக இல்லை. அந்த அக்கா அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டுக்காரர். ஜாடியை வாங்கும்போது சும்மா வாங்கவில்லை.

"இன்னாம்மா நீ! புள்ள நல்லா கொழுகொழுன்னு கீது. அதுக்குப் போயி பிபின்னு சொல்லிகினு கீறியே. பிபி எனக்கு வரலாம், என் மாமியாருக்கு வரலாம். பச்சப் புள்ளைக்கு வருமா?"

அதை அவர் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் மைதானத்தில் என் மகளுக்குப் பெயர் 'பிபி பாட்டி'. அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார். பெயர் போகவில்லை. அன்று பையன் காதில் விழ வாசலில் நின்று பேசியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

கடைசியாக வடை.

"ஏங்க, இனி வடை வேண்டாம்."

"பொழுதுக்கும் பள்ளிக்கூடத்துல இருந்துட்டு வருது. ஒரு வடைதானே?"

"தினமும் ஒண்ணு."

"சரி" என்றார்.

மறுநாள் சங்கு ஊதியது. மகள் ஓடினாள். சற்று நேரத்தில் கணவர் வீட்டுக்குள் வந்தார், தனியாக. தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகப் பின்கேட் வழியாக வந்திருக்கிறார்.

"ஏன் சுத்திக்கிட்டு வந்தீங்க? அவ அங்க நிக்கிறாளே."

"டப்பாவைத் திறந்து பாப்பா. அதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டில் மற்ற பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். கீழ்வீட்டுப் பையன் கத்துவது மேலே கேட்டது. "இன்னா பாட்டி, இன்னும் நின்னுகினு கீற? உங்க அப்பா அப்பவே ஊட்டுக்குப் பூட்டாரு!"

மெதுவாகப் படியேறி வந்து டிவியைப் போட்டாள். இன்னும் சில நாள் போய் நின்றாள். அவர் பின்கேட் வழியாகவே வந்துகொண்டிருந்தார். பிறகு சங்கு ஊதினாலும் அவள் எழுந்திருப்பதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். வடைக்கு அழாமல் பழகிவிட்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன்.

இந்த வாரம் மறுபடி காட்டப் போனோம். எடை ஏறவில்லை என்று மருத்துவருக்குச் சந்தோஷம். அழுத்தம் மட்டும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

"தினமும் ஓடுறியா கண்ணு?"

"முன்னாடி ஓடுவேன் டாக்டர். அப்பா வரும்போது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு ஓட்டம்தான் இருந்தது. வடையோடு சேர்த்து அதையும் நிறுத்திவிட்டோம். மருத்துவர் எதையும் தப்பாகச் சொல்லவில்லை. கணவரும் பாசத்தில்தான் சுற்றி வந்தார். யாரை நோவது?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து முன்கேட்லயே வர்றேன். கேட்லேர்ந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு அவளோட நடந்தே வர்றேன். டப்பாவுல எதைப் போடுறது, அதை மட்டும் நீ சொல்லு."

மறுநாள் காலையில் அவரிடம் சுண்டல் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். இந்த வெயிலுக்கு மத்தியானமே வாடை வந்துவிட்டதாம். ஆப்பிள் எப்படி என்று பார்க்க வீட்டில் நறுக்கி வைத்தேன். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்கு வாங்கிட்டுப் போற பழம்மா இது."

திங்கட்கிழமை வருகிறது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். எண்ணெயும் உப்பும் அதிகம் இல்லாமல், சாயங்காலம் வரை கெடாமல், நோயாளிக்குக் கொடுப்பதுபோலத் தோன்றாமல், அந்த டப்பாவில் என்ன வைக்கலாம்? ஒன்றும் வைக்கவேண்டாம், அவர் வந்து நின்றாலே அவள் ஓடிவருவாள் என்று நினைக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் மட்டும்.